நிலா பக்கத்தில் வந்த வருஷம்

ஹார்லன் ரிட்ஜ், சஸ்காச்சுவான்
ஜூன் 5, 2015

மெரிட் அண்ணனுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. பத்து மாதமாகப் பேசாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிற கடிதமும் இல்லை. ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அதைத் தீர்த்துவைக்க எனக்குத் தெரிந்து உங்களை விட்டால் ஆள் இல்லை. போனில் கேட்டால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, தானியக் கிடங்குக்குப் பின்னால் நிலா எழுந்தது. இங்கே மலையும் இல்லை, மரமும் இல்லை. தரையிலிருந்தே கிளம்பி வருகிறது. கிடங்கையே விழுங்கிவிடும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் லோவெலோடு கிடங்கின் எடைமேடையில் வேலை பார்க்கும் ஒரெஸ்ட், நிலா பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பேப்பரில் போட்டிருக்கிறான், அதுதான் இவ்வளவு பெரிசு என்றார். அவர் மனைவி, நிலா என்ன பஸ்ஸா பக்கத்தில் வந்து நிற்க என்று மடக்கினாள். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீங்க கடல்காரங்க, நீங்க சொல்லுங்க" என்றார்கள். நாற்பத்தாறு வருஷம் கடலோரத்தில் இருந்தும் நிலாவை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அது தண்ணீரை எப்போது இழுக்கும், எப்போது விடும் என்பது மட்டும்தான் நமக்கு வேண்டியிருந்தது.

நிலா உண்மையிலேயே பெரிதாகிறதா? பதிலை மட்டும் எழுதுங்கள். குருட்டுப் பாறையில் நடந்ததைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

வெர்னா


வடக்குத் துறை, கிராண்ட் மனான் தீவு
ஜூன் 17, 2015

வெர்னா,

'நீங்கள்' எல்லாம் போட்டு எழுதியிருக்கிறாய். வரி ஆபீசிலிருந்து யாரோ எழுதிவிட்டார்கள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நீ பார்த்த நிலா சாதாரண நிலா. அதற்குச் சாட்சி கடல். அன்றைக்கும் மறுநாளும் நம் படகுத்துறையின் கடைசிப் படி தண்ணீருக்கு வெளியே வரவே இல்லை. நிலா பக்கத்தில் வந்திருந்தால் வந்திருக்கும்.

அது ஓடுகிற பாதை சரியான வட்டம் இல்லை, கொஞ்சம் முட்டை மாதிரி. மாதத்தில் ஒரு நாள் கிட்டே வரும், ஒரு நாள் எட்டப் போகும். கிட்டே வருகிற நாளும் பௌர்ணமியும் ஒன்றாக விழுந்தால்தான் கடலுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஏறினால் கொட்டகைக்குள் வரும். வற்றினால், வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் காற்றைப் பார்க்கிற பாறையெல்லாம் வெளியே வரும். அதுவும் பௌர்ணமி அன்றைக்கே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து. இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் இன்னொன்று. செப்டம்பர் நிலாதான் ரொம்பக் கிட்டே.

அப்படியானால் உன் நிலா ஏன் பெரிதாகத் தெரிந்தது? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். கண்ணை நம்பாதே, அளந்து பார். ஒரு அட்டையில் சின்னதாக ஓட்டை போட்டு, கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நிலாவைப் பிடி. எழும்போது ஒரு தடவை, உச்சிக்குப் போனதும் ஒரு தடவை. என்ன வந்தது என்று எழுது. எனக்கும் தெரிய வேண்டும்.

வேறு எதுவும் எழுதக் கூடாது என்றாய், எழுதவில்லை. பாறையில் பறித்துக் காயவைத்து விற்கிற நம் கடல்பாசி இந்த வருஷம் நல்ல சிவப்பு. இது 'வேறு எதுவும்' கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

மெரிட்


ஹார்லன் ரிட்ஜ்
ஜூலை 5, 2015

அண்ணா,

அளந்தேன். எடைச்சீட்டில் ஓட்டை போடுகிற கருவியை லோவெல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நிலா எழும்போது துணி ஊறவைக்கிற தொட்டி அளவு இருந்தது. அட்டையை நீட்டி ஓட்டை வழியாகப் பார்த்தால் ஒரு பட்டாணி, அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் வானம். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பிறகு அது உச்சிக்கு ஏறி, வெறும் கண்ணுக்குக் காசு அளவு சுருங்கின பிறகு மறுபடி நீட்டினேன். அதே பட்டாணி, அதே வளையம். ஒரு மயிரிழை மாற்றம் இல்லை.

அதாவது பெரிசு வானத்தில் இல்லை, நம் தலைக்குள் இருக்கிறது. ஒரெஸ்ட் ஒத்துக்கொள்ளவே இல்லை. மறுநாள் நிலா எழும்போது, எங்கேயோ கேள்விப்பட்டேன் என்று சொல்லி, நிலாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தார். "சுருங்கிடுச்சு, சுருங்கிடுச்சு" என்று அப்படியே கத்தினார். எல்லோரும் குனிந்தோம். உண்மைதான், சுருங்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து சாலையில் பாதிரியாரின் கார் போனது.

கையை நீட்டி நிற்கும்போது உன்னைத்தான் நினைத்தேன். நினைத்ததும் கோபம் வந்தது. கடலைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் இத்தனை தெரிந்த நீ அன்றைக்கு மட்டும் என்ன பண்ணினாய்? தண்ணீர் திரும்பின பிறகும் இன்னொரு மூட்டை பாசிக்காக லோவெலைப் பாறையிலேயே நிறுத்திவைத்தாய். அலை படகைத் தூக்கி அவர் முழங்காலில் அடித்தது. டீனா கடையில் எல்லோரும் சொன்னது இதைத்தான். உன் முகத்தைப் பார்த்து நானே கேட்டேன், நீ மறுக்கவில்லை. அதற்கப்புறம் எப்படி அந்த வீட்டில் இருப்பேன்?

வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன். போகட்டும். இப்போது உன்னோடு படகில் யார் வருகிறார்கள்?

வெர்னா


வடக்குத் துறை
ஜூலை 18, 2015

வெர்னா,

தலைகீழாகப் பார்க்க நானும் துறையில் குனிந்தேன். இங்கே பனிமூட்டத்தில் நிலாவும் சரியாகத் தெரியவில்லை, இடுப்பும் பிடித்துக்கொண்டது. டீனாவின் பேத்திகள் பார்த்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற பேரோடு இப்போது கிறுக்கன் என்றும் சேர்ந்திருக்கும்.

படகில் யாரும் வருவதில்லை. இருபது வருஷம் என்னோடு வந்த ஹாலிஸ் இப்போது அவன் சித்தப்பா மகன் படகில் போகிறான். துறையில் எதிரே வந்தால் கயிற்றைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு மூட்டைக்காக மச்சான் காலைப் பலி கொடுத்தவனோடு எவன் பாறைக்கு வருவான்?

வெளிப் பாறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஒருத்தன் பறிக்க வேண்டும், ஒருத்தன் படகைப் பார்க்க வேண்டும். அதனால் கரையோரப் பாசிதான் பறிக்கிறேன். வெளுத்த பாசி. காயவைத்தால் காகிதம். இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்று தெரியவில்லை. இப்படியே போனால் வீட்டை விற்றுவிட்டு நிலத்துப் பக்கம் வந்து எங்காவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆனால் செப்டம்பர் 29 காலையில் குருட்டுப் பாறை இடுப்பு வரைக்கும் வெளியே நிற்கும். இன்னும் பல வருஷத்துக்கு அப்படி வற்றாது. அன்றைக்கு நான் போகிறேன். தனியாகத்தான்.

மெரிட்


ஹார்லன் ரிட்ஜ்
ஆகஸ்ட் 4, 2015

அண்ணா,

போகாதே. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இன்னும் ஐந்து வருஷம் இருக்கும். ஆனால் கோபப்பட ஆள் வேண்டாமா? பாறையில் ஒருத்தர் அடிபட்டது போதும். போக மாட்டேன் என்று எழுது.

ஜூலை 31 நிலாவையும் அளந்தேன். வளையம் மெலிந்திருக்கிறது. நீ சொன்னது போலக் கிட்டே வருகிறது. ஊரில் பாதிப் பேரிடம் இப்போது ஓட்டை போட்ட எடைச்சீட்டு இருக்கிறது. லோவெலின் மேலாளர் ஓட்டை போடுகிற கருவியைக் காணோம் என்று தேடுகிறார்.

இன்னொரு வேடிக்கை. இந்த மாகாணத்தில் யாரும் கடிகாரத்தைத் திருப்புவதே இல்லை. கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால், குளிருக்குப் பின்னால் என்கிற வழக்கமே கிடையாது. வருஷம் முழுக்க ஒரே மணி. நிலா எத்தனை மணிக்கு எழும் என்று ஒரெஸ்ட் கேட்டார். பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு மணி கூட்டிச் சொன்னேன். எல்லோரும் ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிட்ட நிலாவுக்காக வந்து நின்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அப்புறம் நம் ஊர்க் கதையைச் சொன்னேன். கடல் அட்டவணைப் புத்தகத்தில் கோடைக்கும் குளிர்கால மணியைத்தான் அச்சடிப்பார்கள், நாம்தான் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்று. அப்பா சாப்பாட்டு மேசையில் "ஒரு மணி கூட்டுனியா? ஒரு மணி கூட்டுனியா?" என்று உயிரை வாங்குவாரே, அதையும் சொன்னேன். ஒரெஸ்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அதைச் சொன்னதிலிருந்து ஒன்று மனசில் ஓடுகிறது. அம்மா போன பிறகு சமையலறைக் காலண்டரில் கடல் வற்றும் மணியை எழுதியது நான்தானே? அன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றியது? ஏழு பத்து என்று எழுதியதாக ஞாபகம். சரிதானா?

வெர்னா


வடக்குத் துறை
ஆகஸ்ட் 15, 2015

வெர்னா,

மணியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. காலண்டரையும் எப்போதோ அடுப்பில் போட்டாயிற்று. பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது? தப்பு என்னுடையது. அதில் மாற்றம் இல்லை. அதை நம்பித்தான் நீ போனாய், அப்படியே இருக்கட்டும்.

நிலாவைப் பற்றிக் கேள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறேன். ஆகஸ்ட் 29 அன்றைக்கு அளக்க மறக்காதே. வளையம் காணாமல் போக வேண்டும் என்பது என் கணிப்பு. கை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், முழங்கையை மடக்கினால் ஏமாந்துவிடுவாய். அட்டை வழியாகப் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள். மேகம் இருந்தால் மறுநாள் பார், பெரிய வித்தியாசம் இருக்காது.

பாறைக்குப் போகத்தான் போகிறேன்.

மெரிட்


ஹார்லன் ரிட்ஜ்
ஆகஸ்ட் 31, 2015

அண்ணா,

முதலில் நிலா. சனிக்கிழமை அளந்தேன். வளையம் இல்லை. ஓட்டை முழுக்க வெளிச்சம், மூடி போட்ட மாதிரி. வெறும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ஒரெஸ்ட் கூட ஜூன் மாத நிலாதான் பெரிசு என்று சாதித்தார். ஆனால் அட்டை பொய் சொல்லவில்லை. அத்தனை பெரிய ஒன்று சத்தம் போடாமல் அவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கிறது, நாம் யாரும் கவனிக்கவில்லை.

இனி நீ. மணி ஞாபகம் இல்லை என்கிறாய். நான் பிறந்த அன்றைக்கு எந்தப் பக்கக் காற்று அடித்தது என்று சொல்கிறவன் நீ. நிலாவைப் பற்றி வளவளவென்று எழுதியிருந்தாயே, பொய் சொன்னால்தான் நீ அப்படிப் பேசுவாய், சின்ன வயசிலிருந்தே.

நேற்று ஒரெஸ்டின் மகள் கம்ப்யூட்டரில் போன வருஷத்துக் கடல் அட்டவணையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. புத்தகத்தில் போட்டிருப்பது ஆறு பத்து. நான் எழுதியது ஏழு பத்து. என் கையெழுத்து என் கண் முன்னால் நிற்கிறது, ஏழுக்கு நான் குறுக்குக் கோடு போடுவேன். அதாவது எழுதும்போதே நான் கூட்டிவிட்டேன். அம்மா ஒருநாளும் கூட்டி எழுதியதில்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதுவாள், படகில் போகிறவர்கள்தான் கூட்டிக்கொள்வார்கள். காலண்டரில் நான் எழுதிய முதல் பக்கம் அது. உங்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்திருப்பேன். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

நீயும் ஒரு மணி கூட்டினாயா? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது.

வெர்னா


வடக்குத் துறை
செப்டம்பர் 9, 2015

வெர்னா,

ஆமாம்.

ஏழு பத்தைப் பார்த்தேன், எட்டு பத்து என்று கணக்குப் போட்டேன். ஏழரைக்குத் தண்ணீர் என் பூட்ஸ் வரைக்கும் வந்தது. "திரும்பிடுச்சு போல இருக்கே" என்றான் லோவெல். "அலைதான், இன்னும் நாப்பது நிமிஷம் வத்தும்" என்றேன். எட்டு மணிக்கு அவன் மறுபடியும் சொன்னான். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். நிலா அவ்வளவு கிட்டே இருக்கிற நாளில் கடல் நடந்து வராது, ஓடி வரும். அதுவும் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகப் பார்க்கிற தண்ணீரை விட்டுவிட்டு முள்ளை நம்பினேன். மூட்டை எதுவும் காரணம் இல்லை.

அவனை மருத்துவமனையில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, புத்தகத்தையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. நீ அங்கே அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று நாளாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். அந்த நேரத்தில் வந்து உன் கையெழுத்தைக் காட்டவா? டீனா கடையில் மூட்டைக் கதை தானாகக் கிளம்பியது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது, விட்டுவிட்டேன். நீ என்னை வெறுத்துக்கொண்டு அவனோடு நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தேன். இதை அவனிடம் சொல்லாதே. சொல்லி யாருக்கு என்ன லாபம்?

மெரிட்


ஹார்லன் ரிட்ஜ்
செப்டம்பர் 17, 2015

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே, சாப்பிட்டு முடித்ததும் லோவெல் முன்னால் நான்கு கடிதங்களையும் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். மூன்று வாழ்க்கையை ஒரு பேனாவால் புரட்டிப் போட்டுவிட்டு, பழியை உன் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேனே என்று அழுதேன்.

"மூட்டை எதுவும் இல்லைன்னு நான் அன்னைக்கே சொன்னேன் வெர்னா, நீ கேக்கல" என்றார் கடைசியில். "மீன் படகு வர்ற வரைக்கும் மெரிட் நெஞ்சளவு தண்ணியில நின்னு என் தலையைத் தூக்கிப் பிடிச்சிருந்தான். அவன் நீந்திக் கரைக்குப் போயிருக்கலாம். அதையும் சொன்னேன்."

சொன்னார்தான். எனக்கு அப்போது ஒருத்தர் மேல் கோபப்பட்டே ஆக வேண்டியிருந்தது, காதில் விழவில்லை.

இதைக் கேட்டால் நீ குதிப்பாய். டீனாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். காலை காபிக்கு எல்லோரும் கூடுகிற நேரத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போதே மணியைக் கூட்டியது நான், அது தெரியாமல் கூட்டியது நீ, மூட்டை என்ற பேச்சே பொய், அதைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இதற்கு முந்தின தபாலிலேயே போய்விட்டது, நீ தடுக்க முடியாது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மன்னித்துக்கொள் அண்ணா. 29ஆம் தேதி தனியாகப் போகாதே.

வெர்னா


வடக்குத் துறை
செப்டம்பர் 30, 2015

வெர்னா,

குதித்தேன்தான். டீனா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாளாம், இரண்டாவது தடவை காது கேட்காதவர்களுக்காக. இரண்டு நாள் கடைப் பக்கமே போகவில்லை. வெட்கமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரகணம் என்றார்கள். இங்கே பனிமூட்டத்தில் ஒரு மண்ணும் தெரியவில்லை. உங்கள் ஊரில் தெரிந்திருக்கும், என்ன நிறத்தில் இருந்தது என்று எழுது.

நேற்றுக் காலை ஆறு மணிக்குத் துறைக்குப் போனேன். ஹாலிஸ் என் படகில் உட்கார்ந்திருந்தான். நான் கயிற்றை அவிழ்த்தேன். பாதி வழியில், "வத்துறது எத்தனை மணிக்கு?" என்றான். "புத்தகத்துல ஆறரை" என்றேன். "கூட்டினதா, கூட்டாததா?" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து விரல் விட்டு எண்ணினோம், ஏழரை. அப்படியும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன்.

குருட்டுப் பாறையை நீ பார்த்திருக்க வேண்டும். மேலே பாசி, அதற்குக் கீழே இன்னும் சிவப்பான பாசி, அதற்கும் கீழே நான் பெயர் அறியாத எதெதுவோ. சூரியன் எழும்போது நிலா அந்தப் பக்கம் மேற்கே இன்னும் வெளியே நின்றது. ஹாலிஸிடம் உன் ஓட்டையைப் பற்றிச் சொல்லி, ஒரு அட்டையில் ஆணியால் குத்திக் கொடுத்தேன். ஈரக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ஆணி சின்னது, நிலா உள்ளே அடங்கவில்லை. "ரொம்பப் பெரிசு" என்றான். அவனுக்கு விளக்கிச் சொல்ல நேரம் இல்லை.

மன்னிப்பு பற்றி எழுதியிருக்கிறாய். நான் தண்ணீரைப் பார்க்காமல் விட்டதற்கு நீ எப்படிப் பொறுப்பு? அதை நீ சுமக்காதே, என் தப்பை நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை.

தண்ணீர் திரும்பியதும் கிளம்பிவிட்டோம். இரண்டு மூட்டை காலியாகவே இருந்தது, ஹாலிஸ் அதை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டான். கரை கிட்டே வரும்போது, "லோவெலுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை வெர்னா. ஜூன் மாதத்திலிருந்து ஐந்து கடிதம் எழுதிவிட்டேன், நிலாவைப் பற்றி அவ்வளவு கேட்டேன், இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். அவன் நடக்கிறானா?

மெரிட்